கட்டிலடி ஜங்ஷன்

வண்டி மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய் நின்றுகொண்டது.

கடப்பாரை என்று எல்லாரும் கூப்பிடும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இந்தப் பக்கம் நுழையும்போது இருந்த கடகடப்பு அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. கையிலிருந்த, வண்டியை ஓட்டும் கறுப்புப் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

"நின்னுடுச்சா?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் மனைவி கேட்டாள்.

"நிக்கல. சிக்னல் விழல."

"நேத்துலேர்ந்தா?"

அவர் கைத்தடியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, நல்ல காலை மடக்கி, கெட்ட காலைக் கட்டை போல நீட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கினார். இறங்கி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். எஞ்சின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி.

"பொம்மை ரயிலை எட்டிப் பாக்கறதுக்கே இந்தப் பாடு" என்றாள் மனைவி. "டெஸ்ட்ல எப்படி உக்காருவீங்க?"

அந்த வலது முட்டிதான் விஷயம். இருபத்தாறு வருஷம் ரயில் பாதையில் கேங் வேலை பார்த்த முட்டி. வெயிலில் ஜல்லி கொத்தியது, மழையில் ஸ்லீப்பர் கட்டை மாற்றியது, ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. கடைசியில் ஒரு ஸ்லீப்பரை இறக்கும்போது மறுமுனையைப் பிடித்திருந்தவன் கை வழுக்கி, முழு எடையும் அதன்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து, உள்ளே எதையோ வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் மெடிக்கல் டெஸ்ட். கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழ வேண்டும். குத்துக்காலிட்டபடியே ஒரு கோட்டின் மேல் நகர வேண்டும். இரும்புக் குண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். தேறினால் கேங். தேறாவிட்டால் ஸ்டோரில் ஒரு ஸ்டூல்.

ஸ்டூல் என்றால் என்ன என்று கடப்பாரைக்குத் தெரியும். முதுகு போன ஒரு கேங் ஆளை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். வருகிற மூட்டைகளுக்கு எண் எழுதுகிற வேலை. இரண்டு வருஷத்தில் அந்த ஆளும் ஒரு மூட்டையாகிவிட்டார். எதிரே போய் நின்று எப்படி இருக்கே என்று கேட்டால், எண் எங்கே போடலாம் என்பது போல ஆளை மேலும் கீழும் பார்க்கிறார்.

அதற்காகவே ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கடப்பாரை ஒரே ஒரு தடவை போனார். அங்கே இருந்த சின்னப் பெண் பச்சை ரப்பர் பட்டை ஒன்றை அவர் காலில் மாட்டி, இழுங்க ஐயா, விடுங்க ஐயா என்றாள். படம் போட்ட தடித்த அட்டைத் தாள் ஒன்றையும் கொடுத்து, வீட்டில் தினம் செய்யச் சொன்னாள்.

"எவ்வளவு தண்டவாளம் இழுத்திருக்கேன். என்னை ரப்பர் இழுக்கச் சொல்றா" என்று வீட்டுக்கு வந்து பட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். அன்றோடு சரி. அந்தப் பெண்ணுக்கு ரப்பர்க்காரி என்று பேரும் வைத்தார். கேங்கில் அவருக்குக் கடப்பாரை என்று பேர் வைத்ததும் சும்மா இல்லை. எவர் சொல்லுக்கும் வளைகிற ஆள் இல்லை அவர்.

ரயிலைக் கொண்டுவந்தது கேங் மேஸ்திரி. தன் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டது, பரணில் கிடந்தது என்று ஒரு நீளப் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். கடப்பாரைக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள், தண்டவாளம் எப்படித்தான் செய்திருக்கிறான் என்று பார்ப்பதற்காகத் திறந்தார். பார்த்தால் அநியாயம். ஒரு தண்டவாளமும் அடுத்ததும் முட்டிக்கொண்டு நின்றன, நூலிழை இடம்கூட விடாமல். வேலை தெரியாதவன் போட்ட லைன் என்று முடிவு செய்து, தானே புதிதாகப் போட உட்கார்ந்தார்.

மேஜை கேட்டார். மேஜை முழுக்க ஒரு தொழிற்சாலைக்குத் தைக்கிற கால்சட்டைகள். அது என் பிழைப்பு, வேண்டுமானால் தரையில் ஓட்டுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். அறையில் காலியாக இருந்த தரை கட்டிலுக்கு அடியில் மட்டும்தான்.

அப்படிப் போட்ட லைன்தான் இப்போது நின்றுபோனது. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவன் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு உள்ளே போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"அண்ணே, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஒரு தீக்குச்சி போற அளவு இடைவெளி விட்டிருக்கீங்களே."

"பின்னே விடாம? வெயில்ல இரும்பு விரியும். இடம் இல்லேன்னா லைன் கோணிக்கும். வண்டி கவுந்துடும். எத்தனை உசிரு."

"வெயிலா? அண்ணே, இது கட்டிலுக்கு அடியில இருக்கு."

இந்த ரயிலுக்குக் கரண்டே தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது, இடைவெளி விட்டால் அங்கே கரண்ட் அறுந்துவிடும் என்று அவன் விளக்கினான். கடப்பாரை ஒத்துக்கொள்ள அரை நாள் ஆயிற்று. இருபத்தாறு வருஷப் பழக்கத்தை மனசில்லாமல் விட்டு, ஒவ்வொரு இடைவெளியாக நெருக்கினார். வண்டி ஓடியது. கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம், அடியில் நுழைந்து ஒரு வட்டம். ஒரு தடங்கல் இல்லை.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. லைன் சரியாகிவிட்டதால் கடப்பாரைக்குத் தரையில் வேலை இல்லாமல் போயிற்று. கட்டிலில் மல்லாந்து படுத்து, கறுப்புப் பெட்டியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, படுத்தபடியே வண்டி விட்டார். காலையில் விட்டால் மாலைவரை. வண்டி கட்டிலைச் சுற்றியது, அவர் அசையவில்லை. மனைவி பயிற்சியை ஞாபகப்படுத்தினாள். நாளைக்கு என்றார். மறுநாள் ஞாபகப்படுத்தினாள். வண்டி சத்தத்தில் காது கேட்கவில்லை என்றார். அடுத்த வியாழக்கிழமை அவள் கழுத்து வலிக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். அதற்கப்புறம் முட்டியைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. நச்சரிப்பு நின்றது நிம்மதியாக இருந்தாலும், இவளே கைவிட்டுவிட்டாள் போலிருக்கிறதே என்று கடப்பாரைக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

மறுநாள் காலை வண்டி நின்றது. அதுவும் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாத கோடி மூலையில்.

ஜாயின்ட் ஒன்று கழன்றிருந்தது. முட்டி கதறக் கதற உள்ளே போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். மத்தியானம் வேறோர் இடத்தில் கழன்றது. ஜல்லி போடாத லைன் நகரத்தான் செய்யும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாசலில் கிடந்த பொடிக்கல்லைக் கழுவி, சலித்து, லைன் நெடுக இரண்டு பக்கமும் பரப்பி, பசை ஊற்றினார். பார்வைக்கு அசல் ரயில் பாதை மாதிரியே இருந்தது. ஆனால் பசை தண்டவாளத்தின் மேலேயும் ஏறிக் காய்ந்துவிட்டதால் கரண்ட் போகவில்லை. லைன் முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டியதாயிற்று. தேய்த்த தூளும் பொடிக்கல்லும் எஞ்சினுக்குள் போய், பல்சக்கரம் கடித்துக்கொண்டது. ஒரு ஜாயின்ட்டைச் சரிசெய்யப் போய் நான்கு நாள் தரையிலேயே கிடந்தார்.

ஐந்தாம் நாள் மறுபடியும் ஜாயின்ட் கழன்றிருந்தது. காய்ந்த பசையோடு.

"எலிதான்" என்றார்.

பீரோவுக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைத்தார். வைத்ததை மறந்துவிட்டு மத்தியானம் வண்டி விட்டார். டக்கென்று சத்தம் கேட்டது. பொறியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எஞ்சின், மூக்கு நசுங்கிப் போய்.

எஞ்சினைச் சரிசெய்ய வந்த எலெக்ட்ரீஷியன் மனைவியிடம் கேட்டான், "அண்ணி, உங்க வீட்ல எலி உண்டா?"

அவள் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இனிமேல் எலி கழற்றுவதைப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் சின்னத் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார் கடப்பாரை. அதற்கு மெஷினுக்கு வாங்கிய பொடி ஸ்க்ரூ டிரைவர்தான் சரிப்பட்டது. அது எப்போதும் மெஷின் இழுப்பறையில் இருக்கும். தேடினால் காணோம். மனைவி தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் ஸ்க்ரூவும் கழன்றது.

"எலி ஸ்க்ரூ கழட்டாதுண்ணே" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"அதிர்வு" என்றார் கடப்பாரை. "வண்டி போகப் போக நட்டு தானா கழலும். லைன்ல தினம் பாக்கறதுதான். அதுக்குத்தான் முதல் வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் சுத்தியலோட பாதை முழுக்க நடந்து தட்டிப் பாக்கணும்னு விதியே இருக்கு."

விதி இருந்தால் நடக்க வேண்டியதுதானே. அன்றிலிருந்து தினம் காலை, மனைவி வீட்டைப் பெருக்கி முடித்ததும், கடப்பாரை ஒரு பொடிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு லைன் பார்க்கக் கிளம்பினார். நின்றபடி பார்க்க முடியாத லைன். குத்துக்காலிட்டு, ஓர் அடி நகர்ந்து, ஒரு தட்டு தட்டி, காது வைத்துக் கேட்டு, எழுந்து, மறுபடி உட்கார்ந்து போனார். முதல் நாள் பாதி லைன் முடிப்பதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. கழன்ற இடத்தை நோட்டில் எழுதிவைத்தார். ஒரு நாளும் கழன்ற இடத்தில் மறுபடி கழலவில்லை. இன்றைக்குக் கட்டில் மூலை என்றால் நாளைக்குப் பீரோவின் பின்பக்கம்.

இந்த நிலைமையில் மனைவி புதுசாக ஒன்று கேட்டாள். லைன் அடுப்படி வழியாகப் போய் மெஷின் வரைக்கும் வருமா? பொத்தான் டப்பா அடுப்படி அலமாரியில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டியிருக்கிறது, வண்டி கொண்டுவந்தால் உபகாரமாக இருக்கும் என்றாள்.

ரயிலால் அவளுக்கும் பிரயோஜனம் என்று அவள் வாயாலேயே வந்ததில் கடப்பாரை குளிர்ந்து போனார். அன்றே அளவெடுத்தார். நீளத் தண்டவாளம் மேஸ்திரி வீட்டுப் பெட்டியில் இன்னும் கிடந்தது. அடுப்படிக் கழிவுநீர்க் குழாயைத் தாண்ட ஒரு பாலம் தேவைப்பட்டது. பாலத்துக்கு நல்ல உருட்டுக் கட்டை வேண்டும். கண்ணில் பட்டது கைத்தடி. நான்கு துண்டாக அறுத்தார், நான்கு தூண்.

"தடி இல்லாம எப்படி நடப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பாலம் இல்லாம வண்டி எப்படிப் போகும்?"

அவள் மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஸ்டேஷன்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டியிருந்தது. தடித்த தாள் என்று வீட்டில் இருந்தது ரப்பர்க்காரி கொடுத்த பயிற்சித் தாள் ஒன்றுதான். அதை வெட்டிப் பின்பக்கம் எழுதினார்: கட்டிலடி ஜங்ஷன், பீரோ ரோடு, அடுப்படி, மெஷின்.

முதல் பொத்தான் வண்டி அடுப்படியிலிருந்து கிளம்பியது. பாரம் அதிகம். பீரோ வளைவில் வண்டி சாய்ந்து, முந்நூறு பொத்தான் வீடு முழுக்க உருண்டது. இரண்டு நாள் பொறுக்கினார்கள். மனைவிக்குக் குனிந்தால் கழுத்து வலிக்கும் என்பதால் முக்கால்வாசி அவர்தான் பொறுக்கினார். வளைவு இறுக்கம், அகலமாகப் போட வேண்டும் என்று கண்டுபிடித்தார். அகலமாகப் போட்டால் பீரோ இடித்தது. அதை ஒரு முழம் தள்ளினார். தள்ளிய இடத்தில் மெஷினுக்கு வெளிச்சம் மறைந்தது. இந்தச் சுவருக்குத் தள்ளுங்கள் என்றாள். தள்ளினார். அங்கே ஜன்னல் திறக்கவில்லை. பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள் என்றாள். அங்கே லைன் இடித்ததால் மறுபடியும் முதலிலிருந்து தள்ளினார். உள்ளே துணியைக்கூட எடுக்காமல் ஒரே வாரத்தில் பீரோவை ஐந்து தடவை கட்டித் தூக்கினார் கடப்பாரை.

அடுப்படி வாசலில் லைன் குறுக்கே போனதால் அங்கே ஒரு கேட் வைத்தார். வண்டி வரும்போது கேட் இறங்கும். தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்த மனைவி, தாண்டிப் போய்விடுவாள் என்று பார்த்தால், நின்றாள். வண்டி போய், கேட் தூக்கிய பிறகுதான் போனாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் வைத்த ஒரு விதிக்கு அவள் கட்டுப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் லைன் நீள நீளக் கோளாறும் பெருகியது. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். முதல் வாரம் நாளொன்றுக்கு இரண்டு. அப்புறம் மூன்று. அப்புறம் ஐந்து. இப்போது ஒன்பது. கூடுகிறது எல்லாமே வெள்ளிக்கிழமைதான். வேலை தெரிந்தவருக்கு இது ஒன்று போதும். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பெரிய லைனில் ஒரு சரக்கு வண்டி போகும். வாரா வாரம் பெட்டி கூட்டுகிறார்கள், அந்த அதிர்வுதான் இந்த லைனை உலுக்குகிறது என்று கண்டுபிடித்தார். வியாழக்கிழமைதோறும் கழுத்து வலிக்கு ஆஸ்பத்திரி போய்வருகிற மனைவியிடம், வரும் வழியில் அந்தச் சரக்கு வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணச் சொன்னார். எண்ணி வந்து சொன்னாள். நாற்பத்திரண்டு. அடுத்த வாரம் நாற்பத்தாறு. தான் நினைத்தது சரிதான் என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

அதிர்வுக்கு மருந்து ரப்பர். கதவுக்குப் பின்னால் தொங்கிய பச்சைப் பட்டையை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் அடியில் கொடுத்தார்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கடைசியில அதுவும் உபயோகப்பட்டுடுச்சு" என்றாள்.

அடுத்த நாள் பதினொரு இடத்தில் கழன்றிருந்தது.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேஸ்திரி வந்தார். அடுப்படி வாசலில் கேட் இறங்கியிருந்ததால் டீயை வாங்க முடியாமல் இந்தப் பக்கமே நின்றார். வண்டி வரவில்லை. பீரோவுக்குப் பின்னால் நின்றுவிட்டது. கடப்பாரை சுத்தியலோடு உள்ளே போனார்.

"டேய் கடப்பாரை, வெளிய வா" என்றார் மேஸ்திரி. "அடுத்த வியாழக்கிழமை டெஸ்ட். புது டாக்டர். போன வாரம் போன மூணு பேர்ல ரெண்டு பேருக்கு ஸ்டூல். நீ ஏதாவது பண்ணிட்டு இருக்கியா?"

"லைன்ல கோளாறு மேஸ்திரி. அதை முடிச்சிட்டு ஆரம்பிக்கறேன்."

"எந்த லைன்ல?"

அவர் சுத்தியலால் காட்டினார். மேஸ்திரி கீழே பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், மெஷின் பக்கம் திரும்பி அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். உன் இடத்துக்கு வேறு ஆள் கேட்கச் சொல்கிறார்கள், நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமலே மேஸ்திரி போனார்.

அவர் போனதும் கடப்பாரை கட்டிலில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் பயம் முழுசாக வந்தது.

பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தார். தாளைத் தேடினார். அது ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்றுகொண்டிருந்தது. கட்டிலடி ஜங்ஷனைத் திருப்பிப் பார்த்தார். 'மூச்சை இழுத்துக்கொண்டு மெதுவாக' என்று இருந்தது. மெதுவாக என்ன செய்ய வேண்டும் என்பது அடுப்படியில் இருக்கும் என்று அங்கே போய்ப் பார்த்தார். அங்கே ஒரு பாதம் மட்டும் இருந்தது. பட்டையைத் தேடினார். அது அறுபது ஜாயின்ட்டுக்கு அடியில் கிடந்தது. தடியையாவது ஊன்றலாம் என்றால் அதன்மேல் பாலம் நின்றது.

"நான் முட்டாளா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"ரெண்டு மாசம் சும்மா போச்சு. ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட அந்தப் பொண்ணு சொன்னதைச் செய்யல. ஸ்டூல்ல உக்கார வெச்சா நான் ரெண்டு வருஷம்கூடத் தாங்க மாட்டேன். உனக்குத் தெரியும்."

அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. எழுந்து வந்து எதிரே நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அதை விழுங்கினாள்.

"பீரோவுக்குப் பின்னால வண்டி நிக்குது" என்றாள். "முதல்ல அதைப் பாருங்க."

கல் நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டே அவர் உட்கார்ந்து, நகர்ந்து, எழுந்து போனார்.

டெஸ்ட் அன்று காலை, இனி என்ன இருக்கிறது என்ற வெறுப்போடு சுத்தியலை எடுத்தார். கட்டிலடி ஜங்ஷனிலிருந்து மெஷின்வரை தட்டிக்கொண்டே போனார். ஒரு ஜாயின்ட்கூடக் கழன்றிருக்கவில்லை. நம்ப முடியாமல் திரும்பவும் ஒரு தடவை போய் வந்தார். ஒன்றுகூட இல்லை. வண்டியை விட்டார். கட்டிலுக்கு அடியில் போனது, பீரோவைச் சுற்றியது, பாலம் ஏறியது, கேட்டைத் தாண்டி வந்து மெஷின் ஸ்டேஷனில் நின்றது. ரப்பர் பிடித்துக்கொண்டது என்றார். மனைவி மணியைப் பார்த்து, கிளம்புங்கள், நேரமாகிறது என்றாள். லைனாவது தேறியதே என்று அவரும் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு கிளம்பினார்.

புது டாக்டர் சிடுசிடுப்பானவர். பேப்பரைப் பார்த்தபடியே, உட்கார்ந்து எழுங்கள், பத்து என்றார். கடப்பாரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். வலி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. நான்காவது தடவை உட்காரும்போது, எதிரே இருந்த நோயாளிக் கட்டிலின் காலில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருப்பது தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்ததில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பதினாறுக்கு மேல் ஆகிவிட்டது, போதும் என்றார் டாக்டர்.

கோட்டின் மேல் குத்துக்காலிட்டு நகரச் சொன்னார். கடப்பாரை நகர்ந்தார். பழக்கதோஷத்தில் ஒவ்வோர் அடிக்கும் விரலால் தரையைத் தட்டினார். கோடு நோயாளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் முடிந்தது. அவர் முடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, நகத்தாலேயே ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, அந்தப் பக்கமாக வெளியே வந்தார்.

இரும்புக் குண்டை அவர் தூக்கியபோது டாக்டர் முதல் தடவையாகப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "கனமா இருக்கா?"

"பீரோவை விட லேசு சார்."

"பயிற்சி ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. நிறையப் பேர் வீட்ல செய்யறதே இல்ல."

"பொய் சொல்லக் கூடாது சார். நான் ஒரு நாள்கூடச் செய்யல."

தமாஷ் பண்ணுகிற ஆள் என்று நினைத்து டாக்டர் சிரித்தார். சிரித்தபடியே பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேங் வேலைக்குத் தகுதி. திங்கட்கிழமை முதல்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பேப்பரை நீட்டினார். அவள் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மடித்துப் பைக்குள் வைத்தாள். பை திறந்தபோது உள்ளே பொடி ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் தோளில் பச்சைப் பட்டையோடு ரப்பர்க்காரி எதிரே வந்தாள். கடப்பாரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வழிமறித்தார்.

"பாத்தியாம்மா. உன் ரப்பரும் வேணாம், உன் தாளும் வேணாம்னு விட்டேன். ஒரு நாள்கூட உன் பேச்சைக் கேக்கல. தேறிட்டேன். எப்படி?"

அந்தப் பெண் அவரைத் தாண்டிப் போய், பெஞ்சில் இருந்தவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்டோம்க்கா. நாளையிலேர்ந்து வீடு பெருக்கும்போது ஸ்க்ரூ எதையும் கழட்டிவிடாதீங்க, பாவம், அந்த வண்டி இனிமேலாவது ஓடட்டும்."